நாசா எக்ஸோபிளானட் ஆர்க்கைவ்: பக்கத்து ஆரஞ்சு விண்மீனை வைத்து ஒரு மதிப்பீடு

புறக்கோள்களை, அதாவது பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, பற்றிக் கட்டுரை எழுதுபவர், கல்லூரியில் வானியல் புராஜெக்ட் செய்பவர், பைத்தான் பழகுவதற்கு உருப்படியான தரவு தேடுபவர் என யாராக இருந்தாலும் கடைசியில் வந்து சேரும் இடம் நாசா எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் என்ற இணையத் தரவுத்தளம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் உள்ள ஐபாக் வானியல் மையம் நாசாவுக்காக 2011 டிசம்பரிலிருந்து இதை நடத்துகிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் திறக்க வேண்டாம், விளம்பரம் இல்லை. உறுதி செய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 2022 மார்ச்சில் 5,000ஐத் தாண்டியது, 2025 செப்டம்பரில் 6,000ஐத் தொட்டது.

இத்தனை கோள்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால் சேவையின் தரம் பிடிபடாது. ஒரே ஓர் ஆய்வுக்கட்டுரை மட்டும் வந்துள்ள கோளுக்கு எந்தத் தரவுத்தளமும் சரியான எண்ணைக் காட்டிவிடும். பல குழுக்கள் அளந்து, ஆளுக்கொரு எண் சொல்லி, சில கோள்கள் உண்மையில் இருக்கின்றனவா என்ற சந்தேகமும் எழுந்திருக்கிற ஒரு குடும்பத்தைக் கேட்டால்தான் அதன் பலமும் பலவீனமும் வெளியே வரும். எச்டி 219134 அப்படிப்பட்ட விண்மீன்.

காசியோபியா விண்மீன் கூட்டத்தில், பூமியிலிருந்து 21.3 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கே3 வகை ஆரஞ்சுக் குறுமீன், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன். மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 4,700 கெல்வின், வெளிச்சம் சூரியனுடையதில் கால் பங்கைவிடச் சற்று அதிகம். தோற்ற ஒளிப்பொலிவு 5.6 என்பதால் நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும், சாதாரண பைனாகுலரில் எளிதாகத் தெரியும். சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் மாலைகளில் வடக்கே ஏறத்தாழ 46 பாகை உயரம் வரை ஏறும்.

2015இல் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து இதன் கோள்களை அறிவித்தன. லா பால்மா தீவில் உள்ள கலிலியோ தொலைநோக்கியில், விண்மீனின் வேக அசைவை அளக்கும் ஹார்ப்ஸ்-என் கருவியை வைத்து மொட்டாலெபி தலைமையிலான குழு நான்கு கோள்கள் என்றது. ஹவாயின் கெக் தொலைநோக்கி, லிக் ஆய்வகத்தின் தானியங்கித் தொலைநோக்கி ஆகியவற்றின் அளவீடுகளை வைத்து வோக்ட் குழு ஆறு என்றது. உள்ளே இருக்கும் பி என்ற கோள் 3.09 நாளில் விண்மீனைச் சுற்றுகிறது. அது விண்மீனின் முகத்தைக் கடப்பதை ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பிடித்தபோது, அதுவரை தெரிந்த கடப்புக் கோள்களிலேயே மிக அருகில் இருப்பது அதுதான். 6.76 நாள் சுற்றுக்காலம் கொண்ட சி கோளும் கடப்பதை கிய்யோன் குழு 2017இல் உறுதி செய்தது. பாறைக் கோள்கள் இரண்டு, அதுவும் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வெளிச்சமான விண்மீனின் முகத்தைக் கடக்கின்றன என்பது உண்மையிலேயே பெரிய கொடுப்பினை.

தேடுவது எப்படி

முகப்பில் உள்ள தேடல் பெட்டியில் எச்டி 219134 என்று இட்டாலும், அதன் மாற்றுப் பெயர்களான எச்ஆர் 8832, ஜிஜே 892, ஹிப் 114622 ஆகியவற்றில் ஒன்றை இட்டாலும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும். மாற்றுப் பெயர்களைப் பராமரிப்பதில் ஆர்க்கைவ் கெட்டி. பழைய கட்டுரைகளில் கிளீசே 892 என்று படித்துவிட்டு, அது வேறு ஏதோ விண்மீன் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

திறக்கும் பக்கத்தில் விண்மீனின் விவரங்களும் பி, சி, டி, எஃப், ஜி, எச் என்று ஆறு கோள்களும் வரும். 'இ எங்கே போயிற்று' என்று தோன்றும். மொட்டாலெபி குழு 1,842 நாள் சுற்றுக்காலம் உள்ள வெளிக்கோளுக்கு இ என்று பெயர் வைத்தது. வோக்ட் குழு வெளியே 2,247 நாளில் சுற்றும் ஒன்றைக் கண்டு எச் என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் எச் என்ற பெயரையே எடுத்துக்கொண்டதால் இ வெற்றிடமாக நிற்கிறது. ஆர்க்கைவ் எழுத்துகளை மறுபடி அடுக்கிச் சரிசெய்வதில்லை, அப்படிச் செய்யாததே நல்லது. செய்தால் பழைய கட்டுரைகளோடு ஒப்பிடவே முடியாது.

ஒரு கோளின் பக்கத்தில் எண்கள் நெடுவரிசைகளாக நிற்கும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் ஆய்வுக்கட்டுரை. தலைப்பில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கும், சொடுக்கினால் மூலக் கட்டுரைக்கே போகும். இந்தச் சேவையில் மிக மதிப்புள்ள அம்சம் இதுதான் என்பது எங்கள் கருத்து. எண்ணைத் தருவதோடு, அந்த எண் யாருடையது என்றும் சொல்கிறது. அந்த நெடுவரிசைகளில் ஒன்று 'இயல்பு' என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆர்க்கைவ் ஊழியர்கள் முழுமை, துல்லியம் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்த தொகுப்பு அது. அதுதான் உண்மை என்ற தீர்ப்பு அதில் இல்லை.

எண்களைப் படிப்பதில் உள்ள பொறிகள்

பி கோளின் நிறை மொட்டாலெபி குழுவின் கணக்கில் 4.36 பூமி நிறை. கிய்யோன் குழுவின் கணக்கில் 4.74. அதே கிய்யோன் கட்டுரையில் சி கோளின் நிறை 4.36. இந்த 4.36 தற்செயலாக இரண்டு இடத்தில் வருவதால் அட்டவணையிலிருந்து கையால் எடுத்து எழுதும்போது பி-யும் சி-யும் இடம் மாறிவிடும். கூடவே சுற்றுக்காலத்தையும் எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் வராது. 3.09 நாள் என்றால் பி, 6.76 என்றால் சி.

டி கோளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 46.7 நாள் அருகே சுற்றுக்காலம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நிறைதான் மொட்டாலெபியில் 8.94, கிய்யோனில் 16.17, வோக்ட்டில் 21.3 பூமி நிறை. இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபாடு. தொலைநோக்கிகள் தவறாக அளந்ததால் இது வந்துவிடவில்லை. விண்மீன் முன்னும் பின்னும் அசையும் வேகத்தில், ஒரு நொடிக்குச் சில மீட்டர் அளவிலான ஏற்றயிறக்கத்திலிருந்து இந்த நிறைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். மொத்த அசைவை மூன்று, நான்கு, ஆறு கோள்களுக்கு இடையே பங்கு போடும்போது, எத்தனை கோள் என்று முதலில் எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்துப் பங்கு மாறும். எவ்வளவு காலம் அளந்தார்கள், சுற்றுப்பாதையை எவ்வளவு நீள்வட்டமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதும் சேரும்.  நீள்வட்ட அளவு பெரிதாக இருப்பதைப் பார்த்தால், அங்கே இன்னொரு சமிக்ஞை கலந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

டி-யின் எண்கள் எல்லாமே குறைந்தபட்ச நிறைகள் என்பதையும் மறக்கக் கூடாது. வேக அசைவை மட்டும் வைத்துக் கண்ட கோளின் பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. சாய்வு அதிகமானால் உண்மை நிறை கூடும். பி-யும் சி-யும் கடப்பவை என்பதால் அவற்றின் சாய்வு தெரியும், நிறையும் உண்மையான நிறை. ஆர்க்கைவ் அட்டவணையில் இதற்கென்றே 'நிறை எப்படி வந்தது' என்று சொல்லும் நிரல் (நெடுவரிசை) ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது திரையில் தெரியாவிட்டால், நிரல்களைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். புராஜெக்ட் அறிக்கையில் உண்மை நிறையையும் குறைந்தபட்ச நிறையையும் ஒரே வரைபடத்தில் வேறுபாடு காட்டாமல் போட்டால், நல்ல தேர்வாளர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

அதேபோல் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரம்புக் குறி இருக்கிறது. 0 என்றால் அளந்த மதிப்பு, 1 என்றால் 'இதற்கு மேல் இல்லை', -1 என்றால் 'இதற்குக் கீழ் இல்லை'. இந்தக் குறியைப் பார்க்காமல் தரவிறக்கிய கோப்பிலிருந்து சராசரி எடுப்பவர்கள் ஏராளம்.

இரண்டு அட்டவணைகள், இரண்டு வேலைகள்

ஆர்க்கைவில் கோள்களுக்கு இரண்டு பெரிய அட்டவணைகள் உள்ளன. 'பிளானட்டரி சிஸ்டம்ஸ்' என்பதில் ஒரு கோளுக்குப் பல வரிசைகள் வரும், கட்டுரைக்கு ஒன்று. 'காம்போசிட் பாராமீட்டர்ஸ்' என்பதில் ஒரு கோளுக்கு ஒரே வரிசை. இயல்புத் தொகுப்பில் இல்லாத எண்களை மற்ற கட்டுரைகளிலிருந்து எடுத்து, வெற்றிடம் இல்லாமல் நிரப்பியிருப்பார்கள்.

இரண்டாவது அட்டவணை பார்க்க அழகாக இருப்பதால் புதிதாக வருபவர்கள் நேரே அதற்குத்தான் போகிறார்கள். ஆர்க்கைவ் தன் விளக்கத்திலேயே எச்சரிக்கிறது: ஒரே வரிசையில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும் என்பதில்லை. இந்த எச்சரிக்கை எவ்வளவு பெரியது என்பதை எச்டி 219134 பி-யை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கிய்யோன் குழு 2017இல் சொன்னது நிறை 4.74, ஆரம் 1.602 பூமி ஆரம். ஆரத்தின் மும்மடியால் நிறையை வகுத்து, பூமியின் அடர்த்தியான 5.51ஆல் பெருக்கினால் கன சென்டிமீட்டருக்கு 6.35 கிராம். லிகி குழு 2019இல் விண்மீனின் விட்டத்தையே, பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைக்கும் இன்டர்ஃபெராமீட்டரால் மறுபடி அளந்தது. விண்மீன் அதுவரை நினைத்ததைவிடச் சிறியது என்று வந்தது, ஆரம் சூரியனுடையதில் 0.726. விண்மீன் சிறுத்தால் கோளும் சிறுக்கும். ஏனென்றால் கடப்பு நமக்குத் தருவது இரண்டின் விகிதத்தை மட்டுமே. அவர்கள் கணக்கில் பி-யின் ஆரம் 1.500, நிறை 4.27, அடர்த்தி சுமார் 6.97.

இப்போது ஒரு கட்டுரையின் நிறையையும் மற்றதன் ஆரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 4.74ஐ 1.500இன் மும்மடியால் வகுத்து 5.51ஆல் பெருக்கினால் அடர்த்தி 7.74 வரும். இரண்டு குழுவில் யாருமே சொல்லாத எண் அது. அதை வைத்து 'இந்தக் கோளில் இரும்பு மிக அதிகம்' என்று எழுதினால் அந்த இரும்பு நம் அட்டவணையில் மட்டுமே இருக்கும்.

எனவே ஒரு கோளின் அடர்த்தி, ஈர்ப்பு, வெப்பநிலை எதையும் கணக்கிட வேண்டுமானால் முதல் அட்டவணையில் ஒரே கட்டுரையின் வரிசையை எடுங்கள். விண்மீனின் எண்களையும் அதே கட்டுரையிலிருந்தே எடுங்கள். நூற்றுக்கணக்கான கோள்களின் பொதுப் போக்கைப் பார்க்க மட்டும் இரண்டாவது அட்டவணை.

அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. நிறை மட்டும் தெரிந்து ஆரம் தெரியாத கோள்களுக்கு, நிறை-ஆரத் தொடர்பு ஒன்றைப் பயன்படுத்தி ஆர்க்கைவே ஆரத்தைக் கணக்கிட்டுப் போட்டிருக்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே. அந்த அட்டவணை முழுவதையும் இறக்கி, நிறைக்கு எதிராக ஆரத்தை வரைந்தால் புள்ளிகள் பலவும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கும். இயற்கையில் அப்படி ஒரு கோடு இல்லை, அது சூத்திரம் போட்ட கோடு. மேலே சொன்ன 'எப்படி வந்தது' நிரலையும் ஆரத்தின் மேற்கோள் நிரலையும் வைத்து, கணக்கிடப்பட்டவற்றை வடிகட்டி எறிந்துவிட்டு வரைந்தால்தான் உண்மையான சிதறல் தெரியும். இந்த ஒரு படியை விட்டுவிட்டதால் கெட்டுப்போகும் மாணவர் வரைபடங்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சந்தேகக் கோள்களை எப்படிக் காட்டுகிறது

ஆறு கோள்களும் ஒரே நம்பகத்தோடு நிற்கவில்லை. எஃப் கோளின் சுற்றுக்காலம் 22.8 நாள். டெக்சஸ் மெக்டொனால்ட் ஆய்வகத்தின் நீண்டகால அளவீடுகளை வைத்து 2016இல் வந்த ஆய்வு, விண்மீனின் காந்தச் செயல்பாட்டைக் காட்டும் கால்சியம் நிறமாலைக் கோடுகளிலேயே 22.8 நாள் ஏற்றயிறக்கத்தைக் கண்டது. விண்மீன் தன்னைத் தானே சுற்றும்போது புள்ளிகளும் காந்தச் செயல்பாடும் வந்து போவதுதான் கோள் போலத் தெரிகிறதோ என்ற கேள்வி அங்கே எழுந்தது. வேறு ஆய்வுகள் விண்மீனின் சுழற்சியை 42 நாள் என்கின்றன. கிய்யோன் குழு எஃப்-ஐ வைத்துக்கொண்டது. ஜி-யின் 94.2 நாள் என்பது டி-யின் 46.7 நாளுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால், அது டி-யின் சமிக்ஞையின் எதிரொலியோ என்பதையும் கவனத்தில் வைக்க வேண்டும். எச்-ஐப் பொறுத்தவரை நிலைமை நல்லது. விண்மீனுக்கு 11.7 ஆண்டுக் காந்தச் சுழற்சி இருப்பதையும், எச்-இன் சுற்றுக்காலம் அதில் பாதிக்கு அருகே இருப்பதையும் கண்ட அதே 2016 ஆய்வு, இருந்தாலும் எச் விண்மீனின் செயல்பாட்டால் வந்த மாயை இல்லை என்று வாதிட்டது. அதன் குறைந்தபட்ச நிறை வோக்ட் கணக்கில் 108 பூமி நிறை, சனியைவிடச் சற்று அதிகம்.

இந்த வாதங்கள் எதுவும் ஆர்க்கைவின் அட்டவணையில் சொற்களாக இருக்காது. 'சர்ச்சைக்குரியது' என்று ஒரு குறி நிரல் உண்டு, 1 என்றால் வெளியான கட்டுரை ஒன்று அந்தக் கோளைக் கேள்வி கேட்டிருக்கிறது என்று பொருள். பயனுள்ள குறிதான். ஆனால் யார், ஏன், எவ்வளவு பலமாகக் கேட்டார்கள் என்பது ஒற்றை எண்ணில் அடங்காது. கட்டுரைகளைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆர்க்கைவின் உண்மையான குறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஒரு கோளுக்கு இரண்டு வரி மனிதக் குறிப்பு இருந்தால் எவ்வளவோ பேர் தப்பிப்பார்கள்.

ஆரஞ்சுக் குறுமீன்களில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். அவை அமைதியானவை, நீண்ட ஆயுள் உள்ளவை, சூரியனைவிட இலேசானவை, அதனால் கோள் இழுப்பது எளிதில் தெரியும். அதனாலேயே பலரும் அவற்றைக் குறிவைக்கிறார்கள். ஆனால் மெதுவாகச் சுழலும் இவற்றின் சுழற்சிக்காலம் இருபது முதல் ஐம்பது நாள் வரை வரும்போது, அதே அளவு சுற்றுக்காலமுள்ள கோள்களோடு சமிக்ஞை கலந்துவிடும். 16 ஒளியாண்டு தொலைவில் உள்ள 40 எரிடானி ஏ விண்மீனுக்கு 42 நாள் கோள் ஒன்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2024இல் நீட் (NEID) என்ற நிறமாலைக் கருவியின் துல்லியமான அளவீடுகள் அது விண்மீனின் செயல்பாடுதான் என்று காட்டின. ஆல்ஃபா சென்டாரி பி-யைச் சுற்றுவதாக 2012இல் அறிவிக்கப்பட்ட 3.2 நாள் கோளும் 2015இல் மறைந்தது. அளவீடுகள் எடுத்த நாட்களின் இடைவெளியே அந்தச் சமிக்ஞையை உண்டாக்கியிருந்தது. எனவே ஆரஞ்சுக் குறுமீன் ஒன்றின் கோளை ஆர்க்கைவில் பார்த்ததும், அதன் சுற்றுக்காலத்தையும் விண்மீனின் சுழற்சிக்காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் சமமாகவோ, ஒன்று மற்றதன் பாதியாகவோ இருந்தால் கட்டுரையைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.

கடப்பு நேரம் சொல்லும் கருவி

ஆர்க்கைவில் கடப்பு நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் சேவை ஒன்று இருக்கிறது. பார்க்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால், எந்தெந்த இரவில் கடப்பு நிகழும், அப்போது விண்மீன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று பட்டியல் வரும். அமெச்சூர் வானியலாளர்களுக்கு மிக உதவியானது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

காரணம், சுற்றுக்காலத்தின் பிழை ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். கிய்யோன் கட்டுரையில் பி-யின் சுற்றுக்காலம் 3.092926 நாள், பிழை 0.00001. பத்து ஆண்டில் சுமார் 1,180 சுற்று. பெருக்கினால் ஏறத்தாழ 17 நிமிடம் முன்னே பின்னே. சமாளிக்கலாம். சி-யின் சுற்றுக்காலம் 6.76458 நாள், பிழை 0.00033. பத்து ஆண்டில் 540 சுற்று, சேரும் பிழை நான்கு மணி நேரத்துக்கும் மேல். பட்டியலில் நிமிடத் துல்லியமாக அச்சாகியிருக்கும் நேரம் அந்தக் கோளுக்கு உண்மையில் அரை இரவு அகலமானது. எந்தக் கோளாக இருந்தாலும் இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டுத்தான் தொலைநோக்கியை வெளியே எடுக்க வேண்டும்.

நேர முறையையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்தை அடிப்படையாகக் கொண்ட ஜூலியன் நாளில், அதாவது நாட்களைத் தொடர்ந்து எண்ணும் வானியல் முறையில், எழுதுகின்றன. பூமி பாதையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதற்கும் நம் கடிகாரத்துக்கும் எட்டு நிமிடம் வரை வித்தியாசம் வரும். அதோடு அந்த நேர அளவை உலக நேரத்தைவிட 69 நொடி முன்னால் ஓடுகிறது. அட்டவணையில் நேர முறையைச் சொல்லும் நிரல் உண்டு, அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கடைசியாக இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும்.

எச்டி 219134 பி-யின் கடப்பைச் சிறு தொலைநோக்கியில் பிடிக்க முயல வேண்டாம். விண்மீனின் ஒளி 0.036 சதவீதம் மட்டுமே குறைகிறது. விளிம்பை ஒட்டிக் கடப்பதால் கடப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வளிமண்டல மினுமினுப்பு மட்டுமே இதைவிடப் பல மடங்கு ஒளியை ஆட்டும். விண்மீன் வெளிச்சமானது என்பதும் இங்கே தொல்லைதான், கேமராவின் காட்சிப்புலத்துக்குள் அதற்கு இணையான ஒப்பீட்டு விண்மீன் கிடைப்பது கடினம். ஆரஞ்சுக் குறுமீனின் கோளைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால் வல்பெகுலா கூட்டத்தில் உள்ள எச்டி 189733 பி-யைத் தேர்ந்தெடுங்கள். டம்பெல் நெபுலாவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒளிப்பொலிவு 7.7, சுற்றுக்காலம் 2.2 நாள், கடப்பு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு, ஒளிக்குறைவு இரண்டு சதவீதத்துக்கு மேல். எட்டு அங்குலத் தொலைநோக்கியும் குளிரூட்டிய கேமராவும் இருந்தால் தெளிவான வளைவு கிடைக்கும். சென்னையில் அது தலைக்கு மேலே 80 பாகை வரை ஏறுவதால் காற்றின் தடிமனும் குறைவு. கேமரா தெவிட்டிப்போகாமல் இருக்கக் குவியத்தைச் சற்றுக் கலைத்துவிட்டு எடுங்கள். கடப்புக்கு முன்னும் பின்னும் குறைந்தது அரை மணி நேரம் கூடுதலாக எடுக்காவிட்டால் கடப்பு இல்லாதபோதுள்ள இயல்பான ஒளி மட்டம் எது என்றே தெரியாமல் போகும்.

தரவிறக்கம்

திரை அட்டவணையிலிருந்து சிஎஸ்வி இறக்கினால் கோப்பின் தொடக்கத்தில் ஹேஷ் குறியோடு பல விளக்க வரிகள் இருக்கும். எக்செல் அவற்றையும் தரவாக எடுத்துக்கொண்டு நிரல்களைக் குழப்பும். அவற்றை நீக்கிவிட்டுத் திறக்க வேண்டும், ஆனால் ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு நிரலும் என்ன அலகில் இருக்கிறது, எந்தத் தேதியில் இறக்கியது என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். தரவு வாராவாரம் மாறுவதால் தேதி இல்லாத கோப்பால் பிற்பாடு பயன் இருக்காது.

புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு டேப் என்ற வினவல் சேவை இருக்கிறது. எஸ்க்யூஎல் தெரிந்தவர்கள் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். அடிக்கடி வரும் தவறுகள் மூன்று. விண்மீன் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எல்லாம் ஆர்க்கைவில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைச்செய்தி இல்லாமலேயே வெறும் அட்டவணை வரும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து வினவலை நகலெடுத்தால் மேற்கோள் குறிகள் வளைந்துவிடும், வினவல் தோற்கும். முகவரிக்குள் இடைவெளிக்குப் பதில் கூட்டல் குறி இட வேண்டும். பைத்தானில் ஆஸ்ட்ரோகுவெரி தொகுப்பின் வழியாகப் போனால் கடைசித் தொல்லை இல்லை, அலகுகளும் எண்ணோடு ஒட்டியே வரும். கட்டுரைப் பெயர் நிரலில் எச்டிஎம்எல் குறிகள் கலந்திருக்கும், அறிக்கையில் ஒட்டுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள்.

அலகில் சறுக்குபவர்களுக்கு ஒரு சோதனை. எச் கோளின் நிறையை வியாழன் அலகில் எடுத்தால் 0.34. அதை 317.8ஆல் பெருக்கினால் 108 வர வேண்டும். வராவிட்டால் வேறு நிரலை எடுத்திருக்கிறீர்கள். தொலைவு பார்செக்கில் இருக்கும், 6.53ஐ 3.26ஆல் பெருக்கினால் 21.3 ஒளியாண்டு.

கைபேசியில் பயன்படுத்துவதை மறந்துவிடலாம். அட்டவணை அகலமானது, வடிகட்டும் பெட்டிகள் விரலுக்குச் சிக்காது. மொழி ஆங்கிலம் மட்டும்.

மாற்று வழிகள்

பாரிஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஷ்னைடர் 1995இல் தொடங்கிய புறக்கோள் கலைக்களஞ்சியம் இன்னொரு நல்ல மூலம். அது 60 வியாழன் நிறை வரை சேர்க்கிறது, நாசா ஆர்க்கைவ் 30 வரை மட்டும். அதனால்தான் இரண்டின் மொத்த எண்ணிக்கையும் பொருந்தாது. ஒரு கோளுக்குப் பல கட்டுரைகளின் எண்களை அடுக்கிக் காட்டுவதில் நாசா ஆர்க்கைவே மேல். படமாகப் பார்த்து மகிழ நாசாவின் 'ஐஸ் ஆன் எக்ஸோபிளானட்ஸ்' நன்றாக இருக்கும். குழந்தைகளுக்குக் காட்டலாம், ஆனால் அங்கே காணும் கோள்களின் நிறமும் மேகமும் ஓவியரின் கற்பனை. விண்மீனைப் பற்றி மட்டும் விவரமாகத் தேடினால் ஸ்ட்ராஸ்பூர்கின் சிம்பாட் தரவுத்தளம் போதும்.

அட்டவணையில் தவறு கண்டால் உதவி மையத்துக்குச் சீட்டு அனுப்பும் வசதி தளத்திலேயே இருக்கிறது. அனுப்பும்போது கோளின் பெயர், நிரலின் பெயர், ஆர்க்கைவ் காட்டும் எண், கட்டுரையில் உள்ள எண், கட்டுரையின் எந்த அட்டவணையில் அது இருக்கிறது என்ற ஐந்தையும் எழுதுங்கள். 'எச்டி 219134 டி-யின் நிறை தப்பு' என்று மட்டும் எழுதினால் 8.94, 16.17, 21.3 மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.